ஒத்தக் கறையும் ஜோடிக் கறையும்: தர்மபுரி முன்பல்லின் கதை

டிஸ்கி: அடியேன் பொட்டி தட்டுபவன், பல் டாக்டர் இல்லை. வரலாறு படிக்கும் ஆர்வக்கோளாறில் பல்லுக்குள் புகுந்துவிட்டேன். பதிவு நீளம். காபியோடு உட்காருவது உத்தமம்.

தர்மபுரிக்காரனை வெளியூரில் கண்டுபிடிக்க ரேஷன் கார்டு எல்லாம் வேண்டாம், சிரிக்க வைத்தால் போதும் என்று கிண்டல் செய்வார்கள். மேல் முன்பல் ரெண்டிலும் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு. கொஞ்சம் அதிகமானால் காப்பித்தூள் நிறத்தில் குறுக்குக் கோடு. "ஏன்டா, பல்லே விளக்க மாட்டியா?" என்ற கேள்வி பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, பொண்ணு பார்க்க வரும் வரை தொடரும். அம்மாக்கள் செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு என்று கிடைத்ததை எல்லாம் வைத்துத் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். பல் தேயும், கறை போகாது. ஏனென்றால் அது மேலே ஒட்டின அழுக்கு கிடையாது. பல் உருவாகும்போதே உள்ளே எழுதப்பட்டது.

இது பாதிக் கதைதான். இன்னொரு வகைக் கறை இருக்கிறது. ஒரே ஒரு முன்பல்லில் மட்டும், ஓரம் வெட்டினாற்போல ஒரு வெள்ளை அல்லது மஞ்சள் புள்ளி. பக்கத்துப் பல் பளிச்சென்று இருக்கும். எங்க மாவட்டத்தில் இதையும் "போர்த் தண்ணிக் கறை" என்றே சொல்லிவிடுகிறார்கள். பல சமயம் இதற்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இருக்காது. ஒன்றரை வயசில் திண்ணையில் இருந்தோ கட்டிலில் இருந்தோ குப்புற விழுந்ததன் பதிவு அது. விழுகிற எல்லாப் பிள்ளைக்கும் அது வருவதில்லை. யாருக்கு வரும் என்பதில், மேல்பல்லும் கீழ்பல்லும் எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு ஒரு பங்கு உண்டு.

இந்த ரெண்டு கறையையும் பிரித்துப் பார்க்க மனுஷன் எப்படிக் கற்றுக்கொண்டான், அது எங்க ஊரில் ஏன் குழம்பிக் கிடக்கிறது என்பதுதான் மேட்டர்.

முதலில் பல் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் மிச்சம் புரியாது. பல்லின் மேல் ஓடு, அதாவது எனாமல், உடம்பிலேயே கடினமான பொருள். அதைச் செய்யும் செல்கள் வேலை முடிந்ததும் செத்துப்போய்விடும். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும், எனாமல் மட்டும் போனால் போனதுதான். எங்க பாஷையில் சொன்னால், ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய லாக் ஃபைல். மேலே நடுவில் இருக்கும் நிரந்தர முன்பல் ரெண்டுக்கும் எழுத ஆரம்பிப்பது குழந்தைக்கு மூணு நாலு மாசம் ஆகும்போது. முடிவது நாலு அஞ்சு வயசில். பல் வெளியே எட்டிப் பார்ப்பதோ ஏழு வயசு வாக்கில். அதாவது இன்று நடக்கிற விஷயம் லாக்கில் உடனே எழுதப்படுகிறது, ஆனால் அதை நாம் திறந்து படிக்க அஞ்சாறு வருஷம் ஆகும்.

இதில் ரொம்ப நொய்மையான காலம் ஒன்றேகால் வயசிலிருந்து ரெண்டரை வயசு வரை. அந்தச் சமயத்தில் குடிக்கிற தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமானால் எனாமல் சரியாகக் கெட்டிப்படாது. இப்போது ஒரு கேள்வி. ஒரு பிள்ளை வாழ்க்கையிலேயே அதிகமாகக் கீழே விழுவது எந்த வயசில்? தத்தக்கா பித்தக்கா என்று நடை பழகும் அதே வயசில்தான்! தண்ணீர் எழுதுவதும் விழுதல் எழுதுவதும் ஒரே லாக்கில், ஒரே பக்கத்தில். அதனால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் தண்ணீர் கதை. தர்மபுரிக் கறைக்குப் பெயர் கிடைத்தது அமெரிக்காவில், எனவே அங்கே போய்விட்டு வருவோம்.

1901ல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் டாக்டர், படிப்பு முடித்த கையோடு கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்து கடை போடுகிறார். உள்ளூர்ப் பிள்ளைகள் வாயைத் திறந்தால் பழுப்புக் கறை. புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஊர்க்காரர்கள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள், பன்றிக்கறி, கெட்ட பால் என்று (உலகத்தில் எங்கே போனாலும் திண்ணைப் பேச்சு ஒன்றுதான்). மெக்கே விடவில்லை. அன்றைய பல் மருத்துவத்தில் பெரிய தலையான ஜி. வி. பிளாக்கைத் துணைக்கு அழைத்தார். ரெண்டு விஷயம் தெளிவானது. ஒன்று, பல் வளரும் வயசைத் தாண்டி அந்த ஊருக்கு வந்தவர்களுக்குக் கறை வருவதில்லை. ரெண்டு, கறை விழுந்த பல் எளிதில் சொத்தையாவதில்லை.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் 1923. ஐடஹோ மாகாணத்தில் ஓக்லி என்று ஒரு சின்ன ஊர். அஞ்சு மைல் தள்ளி இருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்டிருந்தார்கள். குழாய் வந்த பிறகுதான் பிள்ளைகள் பல்லில் கறை வர ஆரம்பித்தது என்று தாய்மார்கள் மெக்கேயிடம் சொன்னார்கள். அவர் தண்ணீரைச் சோதித்தார், எதுவும் பிடிபடவில்லை. இருந்தும் குழாயை விட்டுவிடுங்கள், வேறு ஊற்றுக்குப் போங்கள் என்றார். ஊரும் கேட்டது! சில வருஷத்தில் அடுத்து முளைத்த பிள்ளைகளின் பல் சுத்தமாக இருந்தது. காரணம் என்ன பொருள் என்றே தெரியாமல், தாய்மார்கள் சொன்ன ஒரு தகவலை நம்பித் தண்ணீரை மாற்றி, ஒரு தலைமுறையின் பல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்தப் பொருள் ஃப்ளோரைடு என்று அலுமினியக் கம்பெனி வேதியியலாளர் சர்ச்சில் கண்டுபிடித்தது 1931ல்தான்.

நம்ம பக்கம் அதற்கப்புறம் ரொம்ப நாள் ஆகவில்லை. 1937லேயே அப்போதைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃப்ளோரைடு நோய் பரவலாக இருப்பதைக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். எழுதிய குழுவில் முதல் பெயர் எச். இ. ஷார்ட், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்காரர். பல்லோடு நிற்காமல் எலும்பு வரைக்கும் அது போவதை, முதுகு விறைத்துப்போன மனுஷர்களைப் பார்த்து எழுதினார்கள். அதாவது நாம் சுதந்திரம் வாங்குவதற்குப் பத்து வருஷம் முன்பே, இந்த மாகாணத்துக்குள்ளேயே விஷயம் தெரியும். தெரிந்ததற்கும் தர்மபுரிக்குக் குழாய் வந்ததற்கும் நடுவே 76 வருஷம்.

இப்போது எங்க ஊர். தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல், அதற்கு முன்பு சேலத்தோடு. 2004ல் கிருஷ்ணகிரி பிரிந்து போனது. முழுக்கப் பாறை பூமி. ஒகேனக்கல், சாமல்பட்டி பக்கம் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை கூட உண்டு, புவியியல் படிப்பவர்கள் தேடி வருவார்கள். இந்தப் பாறைகளில் கிடக்கும் அப்படைட், பயோடைட் மாதிரிக் கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. (நம்ம எனாமலும் அப்படைட் குடும்பம்தான். பாறையும் பல்லும் பங்காளிகள் என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.) தண்ணீர் பாறைக்குள் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு காலம் ஊறிக் கிடக்கிறதோ அவ்வளவு ஃப்ளோரைடு கரையும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்து காரத்தன்மை கூடினால் இன்னும் மோசம். மேலாக இருக்கும் கேணி, ஏரித் தண்ணீரில் பொதுவாக இது குறைவு.

கேணியிலிருந்து ஆழத்துக்கு எப்போது போனோம்? 1966-67 பீகார் பஞ்சத்தை ஒட்டி யுனிசெஃப், கடினப் பாறையைத் துளைக்கும் ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. எழுபதுகளில் சோலாப்பூர் கைப்பம்பை அடிப்படையாக வைத்து இந்தியா மார்க் 2 வடிவமைக்கப்பட்டது. நம்ம சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் கம்பெனியில் அது தயாரானது. ஊருக்கு ஊர் "அடிபம்பு" என்று நாம் சொல்வது அதைத்தான். அப்புறம் திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிகள் கிளம்பி இந்தியா முழுக்க ஓட்டை போட்டது தனிக் காவியம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. திறந்த கிணற்றுத் தண்ணீர் காலராவையும் நரம்புச் சிலந்தியையும் கொடுத்தது. 2000ல் நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று இந்தியா சான்று வாங்கியதில் அடிபம்புக்கும் பங்கு உண்டு. வயிற்றைக் காப்பாற்றிய தண்ணீர் பல்லைக் கெடுத்தது, அவ்வளவுதான். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி என்று பல ஒன்றியங்களில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டிய போர்கள்.

தண்ணீர்க் கதைக்கு ஒரு இடைவேளை. இப்போது விழுந்த கதை.

நம்ம ஊரில் முன்பல் தூக்கலாக இருப்பதற்கு எத்துப்பல் என்று பெயர். தெத்துப்பல் வேறு, அது ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்பது, அதற்குச் சினிமாவில் அழகு என்று மார்க் உண்டு. எத்துப்பல்லுக்குக் கேலி மட்டும்தான். 1899ல் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள், மேல்பல் கீழ்பல் பொருத்தத்தை மூன்று வகுப்பாகப் பிரித்தார். மேல் முன்பற்கள் முன்னே தள்ளி நிற்பது அதில் ரெண்டாம் வகுப்பு, முதல் பிரிவு. பல் சீரமைப்புக்காரர்கள் இன்றைக்கும் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஆங்கிளின் கவலை மெல்லுவதும் முக அழகும். விழுந்தால் என்ன ஆகும் என்பது பிற்பாடு வந்த கவலை.

1912 வாக்கில் இங்கிலாந்தில் டர்னர் என்ற பல் மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். பால்பல்லின் வேரில் சீழ் பிடித்தால், அதற்குக் கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் கெடுகிறது, அந்த ஒரு பல் மட்டும். இன்றைக்கும் அதற்கு "டர்னர் பல்" என்று பெயர். அடிபட்டாலும் இதேதான் நடக்கும் என்பது அதோடு சேர்ந்துகொண்டது. மேல் முன் பால்பல்லின் வேர் நுனிக்குப் பின்னால், ரொம்ப நெருக்கமாக நிரந்தரப் பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கிறது. சின்னப் பிள்ளையின் எலும்பு இளசு. அதனால் பெரியவர்களுக்கு மாதிரிப் பல் உடைவதை விட, பல் அசைந்து, நகர்ந்து, சில சமயம் ஆணி அடித்தாற்போல ஈறுக்குள் ஏறிவிடும். அப்படி உள்ளே ஏறுவதுதான் மோசம். வேர் நேராக மொட்டை இடிக்கும். ரெண்டு வயசுக்குள் நடந்தால் வெறும் புள்ளியோடு நிற்காமல் எனாமலில் பள்ளம் கூட விழலாம்.

இதைப் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தவர்கள் டென்மார்க்காரர்கள். கோபன்ஹேகனில் ஆண்ட்ரேயாசனும் ரவ்னும் 1970களின் தொடக்கத்தில், பால்பல்லில் அடிபட்ட பிள்ளைகளின் நிரந்தரப் பல் முளைத்த பிறகு என்ன ஆனது என்று பார்த்து எழுதினார்கள். அதே சமயம் வட அமெரிக்காவில் எல்லிஸ், டேவி ரெண்டு பேரும் 1970ல் பல் காயங்களை ஒன்பது வகையாகப் பிரித்தார்கள். எட்டு வகை நிரந்தரப் பல்லுக்கு. பால்பல்லில் என்ன ஆனாலும், உடைந்தாலும் உள்ளே போனாலும் விழுந்தாலும், மொத்தமாக ஒன்பதாம் வகை. டெஸ்க்டாப்பில் "மத்ததெல்லாம்" என்று ஒரு ஃபோல்டர் வைப்போமே, அது மாதிரி. நம்ம வீட்டிலும் அதே மனநிலைதான். "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்." விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்துவிட்டால் காரியம் முடிந்தது. கூரைக்குப் போகாத விஷயம் ஈறுக்குள்ளேயே இருப்பது ஏழு வயசில்தான் தெரியும்.

சரி, பொருத்தம் எங்கே வருகிறது? முன்பல்லுக்கு இயற்கை கொடுத்த ஏர்பேக் மேலுதடு. பல் முன்னே தள்ளியிருந்தால் உதடு முழுக்க மூடாது. குப்புற விழும்போது தரையை முதலில் தொடுவது பல். 1999ல் ஐரோப்பிய பல் சீரமைப்புப் பத்திரிகையில், அதுவரை வந்த 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. மேல் முன்பல் கீழ்ப்பல்லை விட 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னே நின்றால், காயம் படும் வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. மூணு மில்லிமீட்டர் என்பது ரெண்டு ஒத்தை ரூபாய் நாணயத்தை அடுக்கின கனம்தான். கண்ணுக்கே உறைக்காத தள்ளல்.

பால்பல் வயசில் இந்தத் தள்ளலுக்கு முக்கியக் காரணம் ஒன்று விரல் சூப்புவது, இன்னொன்று ரப்பர் காம்பு. மேல்பல் முன்னே போகும், அல்லது வாயை மூடினாலும் மேல்பல்லும் கீழ்பல்லும் தொடாமல் நடுவில் சந்து நிற்கும். ரப்பர் காம்பு பழக்கம் அதிகமுள்ள பிரேசிலில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படிச் சந்து உள்ள, பல் தள்ளிய பிள்ளைகளுக்குப் பால்பல் காயம் அதிகம் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. நம்ம பாட்டிகள் விரலில் வேப்பெண்ணெய் தடவினார்களே, அவர்களுக்கு மில்லிமீட்டர் கணக்கு தெரியாது, ஆனால் திசை சரி. ஆனால் பயமுறுத்தவும் வேண்டாம். மூணு நாலு வயசுக்குள் பழக்கம் நின்றால் பெரும்பாலும் பல் தானாகவே திரும்பி வந்துவிடும். பொருத்தம் சரியில்லை என்பதற்காக யாரும் விழுவதில்லை, விழுந்தால் யாருக்குப் பல்லில் படும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது.

2013ல் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று வந்தது. முதல் பெயர் திருவேங்கடாச்சாரி (ஆமாம், நம்மாளு!). எத்துப்பல்லைச் சின்ன வயசிலேயே ஒரு தடவை, பதின்வயதில் இன்னொரு தடவை என்று ரெண்டு கட்டமாகச் சீர் செய்வதில் என்ன லாபம் என்று பார்த்தார்கள். பதின்வயதில் ஒரே கட்டமாகச் செய்வதோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு லாபம்தான் தெரிந்தது, முன்பல்லில் புதிதாக அடிபடுவது குறைகிறது. மற்றபடி கடைசியில் முகமும் பல்லும் ஒரே மாதிரித்தான் வந்து நிற்கின்றன. நேர்மையான முடிவு. கிளிப் போடச் சொல்லும் விளம்பரங்களில் இந்த ரெண்டாவது பாதி வராது.

இப்போது தர்மபுரிக்குத் திரும்புவோம், ரெண்டு கதையும் ஒரே வாயில் சந்திக்கும் இடத்துக்கு.

பிரித்துப் பார்க்கும் சூத்திரம் உண்மையில் ரொம்பச் சுலபம். தண்ணீர் பட்சபாதம் பார்க்காது. இடது முன்பல்லும் வலது முன்பல்லும் ஒரே நாளில் உருவாவதால், ஃப்ளோரைடு கறை ஜோடியாகத்தான் வரும். கண்ணாடியில் பார்த்தாற்போல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஓரம் தெளிவில்லாமல் மேகம் மாதிரிப் படர்ந்திருக்கும். விழுதல் ஒரு பக்கமாகத்தான் அடிக்கும், எனவே பெரும்பாலும் ஒத்தக் கறை, ஓரம் தெளிவாக. 1930களில் அமெரிக்க அரசு டாக்டர் டிரெண்ட்லி டீன் ஃப்ளோரைடு கறையை அளக்க ஒரு மதிப்பெண் முறை செய்தார். 1942ல் திருத்தினார். உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் இன்றும் இருக்கும் அந்த முறையில் ஒரு விதி உண்டு. ரொம்பப் பாதித்த ரெண்டு பல்லை எடு, ரெண்டும் சமமாக இல்லை என்றால், குறைவாகப் பாதித்ததன் மதிப்பெண்ணையே எழுது. முதலில் படித்தபோது இது என்ன கஞ்சத்தனம் என்றுதான் தோன்றியது. யோசித்தால் புரிகிறது, இது ஒரு ஃபில்டர்! ஒத்தப் பல்லில் மட்டும் இருக்கும் கறை இதில் தானாகவே கழிந்துவிடும். விழுந்த பிள்ளையைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காத விதி.

ஆய்வாளர்களிடம் இந்த ஃபில்டர் இருக்கிறது, எங்க ஊர்த் தெருவில் இல்லை. தப்பு ரெண்டு பக்கமும் நடக்கிறது. ஜோடிக் கறையைப் பார்த்துப் பல் விளக்காதவன் என்று பிள்ளையைத் திட்டுவது ஒரு தப்பு. ஒத்தக் கறையைப் பார்த்து "எல்லாருக்கும் இருக்கிற தண்ணிக் கறைதான்" என்று விட்டுவிடுவது அடுத்த தப்பு. ரெண்டாவதில் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். ஒரு தடவை விழுந்து பல்லில் அடிபட்ட பிள்ளையின் முன்பல் தள்ளி இருந்தால், அடுத்த தடவையும் படப்போவது அதே இடத்தில். அந்த ஒத்தப் புள்ளி, பொருத்தத்தைப் பாரு என்று பல் அனுப்பும் எர்ரர் மெசேஜ். மாவட்டம் பூரா கறை மயமாக இருந்தால் அந்த மெசேஜ் காதில் விழாது. போதாக்குறைக்கு, ஃப்ளோரைடு கடுமையாகத் தாக்கிய எனாமல் நொறுங்கும் சுபாவமுள்ளது. பல் முளைத்த பிறகு மெல்லும்போதே சில்லு சில்லாகப் பெயரும். முனை போன பல்லைப் பார்த்து "எங்கடா விழுந்த?" என்று கேட்டால், பாவம் அவன் விழுந்தே இருக்க மாட்டான்.

தண்ணீர்க் கதையின் மிச்சம் அரசியல். எழுபதுகளில் நாக்பூர் நீரி நிறுவனம், படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃப்ளோரைடை இறக்கும் நல்கொண்டா முறையைக் கொடுத்தது. நல்ல யோசனைதான், ஆனால் தினமும் அளந்து போட ஒரு ஆள் வேண்டுமே. கடைசியில் கண்ணெதிரே ஓடும் காவிரிதான் விடை என்று ஆனது. 1998ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஆட்சேபம் இல்லை என்றது. தமிழகத்தின் பங்கிலிருந்து 1.4 டி.எம்.சி. எடுப்பதாகக் கணக்கு. பத்து வருஷம் கழித்து, 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் கடன். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு, எடியூரப்பா ஒகேனக்கல்லுக்கே வந்தார், பஸ்கள் நின்றன, ஏப்ரலில் சென்னையில் சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம். அடுத்த நாளே, கர்நாடகத் தேர்தல் முடியும் வரை திட்டம் நிறுத்திவைப்பு என்று அறிவிப்பு. எல்லாரும் காவிரியைப் பற்றிப் பேசினார்கள், மானத்தைப் பற்றிப் பேசினார்கள். திட்டத்தின் முழுப் பெயரிலேயே "ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு" என்ற வார்த்தை இருந்தது. அந்த மேடைகளில் அந்த வார்த்தை அவ்வளவாகக் கேட்டதில்லை. பிள்ளைகள் பல்லுக்காகத் தண்ணீர் என்று சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கூடப் புரிந்திருக்கும். கோலாரிலும் இதே பாறை, இதே பிரச்சினைதானே.

2013 மே 29ம் தேதி முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து 3 நகராட்சி, 17 பேரூராட்சி, ஆயிரக்கணக்கான கிராமக் குடியிருப்புகள். பள்ளத்தில் ஓடும் ஆற்றை மேட்டுக்கு ஏற்றி அனுப்பும் பெரிய வேலை. குறை இல்லாமல் இல்லை. குழாயில் காவிரி வராத நாளில் கை தானாகப் போர்த் தண்ணிக்குப் போகும். குடிக்கக் காவிரி, சோறு குழம்புக்குப் போர் என்று பிரித்துக்கொள்கிற வீடுகளும் உண்டு. அரிசி வேகும்போது தண்ணீரோடு ஃப்ளோரைடையும் சேர்த்துத்தான் குடிக்கிறது என்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்.

ஓக்லி ஊர் மாதிரி இங்கேயும் அடுத்த தலைமுறைப் பல் வெளுத்து முளைத்ததா? இங்கேதான் அந்த லாக் ஃபைல் கணக்கு வருகிறது. தண்ணீர் மாறியது 2013ல். அந்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு நிரந்தர முன்பல் முளைத்தது 2020 வாக்கில். எங்க மாவட்டத்து வரலாற்றில், பிறந்த நாளிலிருந்து காவிரி குடித்த முதல் செட்டின் முன்பற்கள் வரிசையாக வெளியே எட்டிப் பார்த்த அந்த வருஷத்தில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் பூராவும் வாயில் மாஸ்க் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த செட்டு இப்போது ஹைஸ்கூலில் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கப் பதிவர்கள் யாராவது வாத்தியாராக இருந்தால், ஒரு வகுப்பைச் சிரிக்க வைத்துப் பார்த்துவிட்டுப் பின்னூட்டத்தில் சொல்லுங்க. ஜோடி எத்தனை, ஒத்தை எத்தனை என்று. ஒத்தைக்காரனிடம் மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி, வாயை மூடினால் உதடு ஒட்டுதா?